இடர்கடனும் கிழமைக் கடனும்: ஒரே குடும்பத்துக்குள் வந்த இரண்டு கடன்கள்

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பத்துக்குள் ஒரு மாத இடைவெளியில் இரண்டு கடன்கள் வந்தன. ஒன்று, மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் உள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் நான் எடுத்த, அரச ஊழியர்களுக்கான இடர்கடன். மற்றையது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சிறியதொரு சில்லறைக் கடை வைத்திருக்கும் என் பெரியம்மாவின் மகளான அக்கா, நுண்கடன் நிறுவனம் ஒன்றில் எடுத்த கிழமைக் கடன். ஒரு கைத்தொலைபேசி வாங்குவதற்குப் பத்துப் பேரின் அனுபவத்தைத் தேடி வாசிக்கிற நாங்கள், வருடக்கணக்கில் கட்டப்போகும் கடனைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை என்பதால், இரண்டையும் பாவித்துப் பார்த்த குடும்பம் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. அக்காவின் கிராமத்துக்குக் கிழமையில் நான்கு நாட்கள், நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. அக்கா சொல்லும் கதையையும் பக்கத்து வளவுக்காரர்கள் சொல்லும் கதையையும் வைத்துப் பார்த்தால், சட்டையின் நிறம் மாறுகிறதே தவிரக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

முதலில் என்னுடைய கடன். அரச ஊழியர்களுக்கு வெளியே இருப்பவர்கள் பலர் இடர்கடன் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நிரந்தர நியமனம் பெற்ற அரச ஊழியர் ஒருவர் தன்னுடைய பத்து மாதச் சம்பளத்துக்கு உட்பட்டு, குறிப்பிட்ட ஓர் உச்ச எல்லைக்குள், ஆண்டுக்கு 4.2 சதவீத வட்டியில் இந்தக் கடனைப் பெறலாம். நான் எடுத்தது இரண்டு இலட்சம் ரூபாய். வீட்டுக் கூரையின் பின்பக்க ஓடுகளை மாற்றுவதற்காக எடுத்தேன். அறுபது மாதங்களில், குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி என்ற முறையில், ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து நான் கட்டப்போகும் வட்டி ஏறக்குறைய 21,000 ரூபாய். தவணை என் கைக்கு வராமலே சம்பளத்தில் கழிந்துவிடுகிறது. படிவத்தை ஆசிரியர் ஓய்வறையில் கதிரையில் இருந்துகொண்டு நிரப்பினேன். பிணைக்குக் கையெழுத்திட்ட இருவரும் அதே அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எவரும் என் வீட்டைப் பார்க்க வரவில்லை, என் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று அயலவரிடம் விசாரிக்கவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பணம் கைக்கு வர மூன்று மாதங்கள் ஆகின. ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த ஒதுக்கீடு வரட்டும் என்றார்கள். அந்த இடைவெளியில் ஒரு மழை பெய்து, சுவரும் ஊறியது. இடர் வந்து மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் கடனுக்கு இடர்கடன் என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த எரிச்சல் எவ்வளவு சின்னது என்பது அக்காவின் பாஸ் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

வேகத்தைப் பொறுத்தவரை கிழமைக் கடனை அடிக்க ஆளில்லை. அக்கா கேட்ட நான்காம் நாள் காசு கிடைத்தது. காணி உறுதி கேட்கவில்லை, சம்பளச் சீட்டு கேட்கவில்லை, நகரத்துக்கு வரச் சொல்லவில்லை. தேசிய அடையாள அட்டையின் பிரதி, ஒரு புகைப்படம், மின்சாரப் பட்டியல், கூடவே நான்கு பெண்கள் இருந்தால் போதும். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் ஐந்து பேர் ஒரு குழு, இப்படியான சில குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்டர். பங்களாதேசத்தில் கிராமின் வங்கி ஏழைப் பெண்களுக்கென்று வளர்த்தெடுத்து, 2006ஆம் ஆண்டு அதன் நிறுவுநர் முகமது யூனுஸுக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தந்த முறையின் எலும்புக்கூடு இதுதான். எங்கள் ஊருக்கு வந்தபோது எலும்புக்கூடு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

கடன் 50,000 ரூபாய். வட்டி ‘வருடத்துக்கு முப்பது’ என்று வாயால் சொன்னார்கள். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ரூபாயை முதலிலேயே கழித்துக்கொண்டு 47,500 ரூபாயைக் கொடுத்தார்கள். கிழமைக்கு 1,250 ரூபாய் வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும், அதாவது 65,000 ரூபாய். 50,000க்கு 15,000 வட்டி என்றால் முப்பது சதவீதம்தானே என்று அக்காவுக்குத் தோன்றியது. கணக்குப் பாடம் படிப்பிக்காத எந்த ஆசிரியருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

பிழை எங்கே இருக்கிறது என்றால், அந்த 50,000 ரூபாய் அக்காவிடம் ஒரு வருடம் முழுக்க இருக்கவில்லை. முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்தே முதலின் ஒரு பகுதி திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 26ஆவது கிழமையில் ஏறக்குறைய அரைவாசி முதல் கட்டி முடிந்துவிட்டது. ஆனால் வட்டி மட்டும் 52ஆவது கிழமை வரைக்கும் முழு 50,000க்கும் ஓடுகிறது. வங்கிகள் செய்வதுபோல மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால், அந்த முப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 54 சதவீதமாகிறது. முன்கூட்டியே கழித்த 2,500 ரூபாயையும் சேர்த்துக்கொண்டால் 65 சதவீதத்தைத் தொடுகிறது. ஓர் இரவு முழுக்கக் கணிப்பானுடன் இருந்து இதைக் கணக்கிட்டேன். விடிந்ததும் என் சக கணித ஆசிரியரிடம் காட்டி, நான் பிழை விடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் சொல்கிறேன். இரண்டு இலட்சத்தை ஐந்து வருடம் வைத்திருப்பதற்கு நான் 21,000 ரூபாய் கொடுக்கிறேன். அதன் காற்பங்குத் தொகையை ஒரே வருடம், அதுவும் நாளுக்கு நாள் கரையக் கரைய வைத்திருந்ததற்கு அக்கா 17,500 ரூபாய் கொடுத்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்ற உறுதி உள்ள எனக்குத்தான் மலிவான காசு. ஒரு பருப்பு மூட்டையை விற்று முடித்தால்தான் அடுத்த மூட்டை என்றிருக்கும் அக்காவுக்கு இந்த ஊரிலேயே விலை கூடிய காசு.

சென்டர் கூடும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்தேன். பாடசாலை விடுமுறை நாளொன்றில் அக்காவுடன் போயிருந்தேன். சென்டர் லீடரின் வளவில், வேப்பமரத்துக்குக் கீழே, நிலத்தில் இரண்டு பன்பாய்கள் விரித்திருந்தன. வளவில் இருந்த ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை வெளிக்கள உத்தியோகத்தருக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காத அந்தத் தம்பி வந்து கதிரையில் இருக்க, அவருடைய தாயின் வயதில் உள்ள பெண்கள் பாயில் வரிசையாக இருந்தார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழும்பி, காசைப் பாஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்து நீட்டினார்கள். காசு எண்ணப்படும்போது எவரும் கதைக்கவில்லை. பாடசாலைக் காலைக் கூட்டத்தில்கூட நான் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை.

அன்று ஒருவர் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவருடைய தவணை கிடைக்கும்வரை எவரும் எழும்பக்கூடாது என்றார் உத்தியோகத்தர். சத்தம் போடவில்லை, மரியாதைக் குறைவாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். முக்கால் மணித்தியாலம் கழிந்தது. கூலி வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் முணுமுணுக்கத் தொடங்கினார். கடைசியில் குழுவில் உள்ள மற்ற நால்வரும் ஆளுக்கு முந்நூறு சொச்சம் போட்டுத் தவணையை நிரப்பினார்கள். பிணை என்று தாளில் எழுதியிருப்பது இதைத்தான். அந்தப் பெண் அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அவருடைய பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி முதலில் கேட்டவர் எவரும் இல்லை என்று அக்கா சொன்னார். கேட்காதவர்களில் தானும் ஒருத்தி என்பதையும் அக்காவே சொன்னார்.

இந்தக் கடன் பெண்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. அதைப் பெண்களுக்குக் கொடுக்கும் முன்னுரிமை என்று விளம்பரத் துண்டில் அச்சடித்திருக்கிறார்கள். ஏன் ஆண்களுக்குக் கொடுப்பதில்லை என்று நான் கேட்டதற்கு, “ஆம்பிளையள் வீட்டில நிக்க மாட்டாங்க டீச்சர்” என்று அந்தத் தம்பி உள்ளதை உள்ளபடி சொன்னார். வீட்டை விட்டுப் போக முடியாதவளிடம், முற்றத்தில் நாலு பேர் பார்க்க ஒருவர் வந்து நின்றால் தாங்க முடியாதவளிடம்தான் காசு திரும்பி வரும். காணி உறுதி இல்லாத இடத்தில் மானத்தை ஈடாக எடுக்கிறார்கள் என்று நான் சொன்னால், அது கோபத்தில் சொன்ன சொல் அல்ல, அந்தக் கடன் இயங்கும் முறை.

உடன்படிக்கை நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். அக்காவின் பெயரும் கிராமத்தின் பெயரும்கூட ஆங்கில எழுத்தில்தான். புள்ளடி போட்டிருந்த ஐந்து இடங்களில் அக்கா தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். எனக்கு வந்த இடர்கடன் படிவம் தமிழில் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அரசாங்கத்தோடு என் மொழியில் தொடர்புகொள்வதற்கு எனக்கு அரசியலமைப்பில் இடமிருக்கிறது. தனியார் நிறுவனத்தின் தாளில் கையெழுத்திடும் அக்காவுக்கு, அந்தத் தாளைக் கொண்டுவந்தவரின் வாய்ச்சொல்தான் மொழிபெயர்ப்பு.

பிறகு வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் மாதக் கடைசியில் கிழக்கு முழுவதையும் மூழ்கடித்த அந்த வெள்ளத்தில், நவம்பர் 26ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அக்காவின் 24ஆவது தவணை நாளாக இருந்தது. வீதி தெரியவில்லை, கடைக்குள் முழங்கால் தண்ணீர், கீழ்த்தட்டில் இருந்த மாவும் சீனியும் கரைந்துவிட்டன. உத்தியோகத்தர் வரவில்லை, தொலைபேசி எடுத்தார். இந்தக் கிழமை பரவாயில்லை அக்கா, அடுத்த கிழமை இரண்டையும் சேர்த்துத் தாங்கள், தாமதக் கட்டணம் ஒரு சின்னத் தொகைதான் என்றாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா தன் காதுத் தோட்டை ஈடு வைத்துத்தான் அந்த 2,500 ரூபாயையும் தாமதக் கட்டணத்தையும் கட்டினார். அதே கிழமை எங்கள் பாடசாலையும் பூட்டியிருந்தது. நான் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை, சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை, என் கடன் தவணை எனக்குத் தெரியாமலே கட்டப்பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே மழைதான் பெய்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் உள்ள என் சிநேகிதிகள் எல்லோரும் கேட்டார்கள், படுவான்கரையில் எவரும் கேட்கவில்லை. அக்கா வங்கிக்குப் போனார். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டிய தேவை இல்லை, பஸ்ஸிலேயே போய் வரலாம். வங்கியில் இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள்: ஈடாக வைக்கக்கூடிய காணி, இல்லையென்றால் நிரந்தர வருமானம் உள்ள இரண்டு பிணையாளர்கள்.

காணியின் கதை நீளமானது. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் என்பது வழக்கம், அந்த வழக்கப்படி அக்கா தாய் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அந்த வளவு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெரியப்பாவுக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. பெரியம்மா முந்தி இறந்துவிட்டார். பெரியப்பா, தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயரைப் பதியாமலே இறந்துபோனார். அந்தச் சட்டத்தின் பின்னுரிமை ஒழுங்கில் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம் இருந்தது. பெண்களைப் பின்தள்ளும் அந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது, பெரியப்பா இறந்தது அதற்கு மிக முந்தி. அண்ணன் கட்டாரில் இருக்கிறார், காணியைப் பற்றி அவருக்கு ஆசையும் இல்லை, கையெழுத்திட வருவதற்கு நேரமும் இல்லை. ஊர் வழக்கம் வீட்டை அக்காவுக்குக் கொடுத்தது, அரசின் பதிவேடு அதை ஏற்கவில்லை. வங்கி பதிவேட்டைத்தான் பார்க்கும்.

பிணையாளர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. அக்கா என்னிடம் கேட்டார். ஏற்கெனவே சக ஆசிரியர்கள் இருவருக்குப் பிணை நின்றிருக்கிறேன், மூன்றாவதாக நின்றால் என் கடன் தாமதமாகலாம் என்று காரணம் சொன்னேன். காரணம் பொய்யில்லை. ஆனாலும் அந்த இரண்டு ஆசிரியர்களும் என்னைக் கேட்டபோது நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதும் பொய்யில்லை. அவர்கள் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் கட்டாமல் விட முடியாது, சம்பளத்திலேயே கழிந்துவிடும். அக்கா கட்டுவார் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், வங்கி எந்தக் கண்ணால் அவரைப் பார்த்ததோ அதே கண்ணால்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சின்னச் சின்னத் தொகைகள், ஒவ்வொரு கிழமையும் கிராமத்துக்கு வரும் பெற்றோல் செலவு, உத்தியோகத்தரின் சம்பளம், ஈடு இல்லாத ஆபத்து என்றெல்லாம் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, 4.2 சதவீதத்தில் அவர்களால் கொடுக்க முடியாது. ஆனால் ஆபத்து கூடியவர்கள் என்பதால்தான் வட்டி கூட என்ற வாதம் அக்காவின் சென்டரில் நிற்காது. ஆஸ்பத்திரியில் இருப்பவளின் தவணையையும் அயலவள் கட்டுகிறாள், வெள்ளத்தில் கடை போனவள் தோட்டை ஈடு வைத்துக் கட்டுகிறாள். தங்கள் சென்டரில் ஒரு தவணைகூட நிலுவை இல்லை என்று அந்தத் தம்பியே பெருமையாகச் சொன்னார். அப்படியானால் அந்த 65 சதவீதம் எந்த ஆபத்துக்கான விலை?

அக்கா கடன் எடுத்தபோது சட்டம் ஒன்றும் இல்லாமல் இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இருந்தது. ஆனால் அதன் பிடி முக்கியமாக வைப்புப் பணம் திரட்டும் நுண்நிதிக் கம்பனிகள் மீதுதான் இருந்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் அந்த வலையின் ஓட்டைக்குள்ளால் போய்விட்டார்கள். 2018ஆம் ஆண்டு மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் நுண்கடன்களுக்கு 35 சதவீத உச்ச வட்டி விதித்தது, அக்காவுக்குக் கடன் கொடுத்த நிறுவனமோ நிதிக் கம்பனி வகையிலேயே சேராது. அதே 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த, வெளிநாட்டுக் கடன் மற்றும் மனித உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 சதவீதம் வரைக்கும் போவதைச் சுட்டிக்காட்டினார். அந்த எண்ணை வாசித்துவிட்டு அக்காவின் 65 பரவாயில்லையே என்று ஒரு கணம் நினைத்த என்னை நானே கடிந்துகொண்டேன்.

அந்த வருடம்தான் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனை எடுத்து மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாமல் போன பெண்களின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. நல்ல காரியம், பல பெண்கள் அதனால் மூச்சு விட்டார்கள். ஆனால் அக்காவுக்கு அப்போதும் ஒரு கடன் இருந்தது. வளையலை விற்று, ஒரு தவணையும் பிந்தாமல் கட்டிக்கொண்டிருந்தார். நிலுவை இல்லாதவருக்குத் தள்ளுபடி இல்லை. கட்டாமல் விட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் அவரைச் சீண்டுவார்கள், அவர் சிரிக்க மாட்டார்.

இதைத் தமிழ்ப் பெண்களின் பிரச்சினை என்று மட்டும் நான் எழுதினால் பிழையாகிவிடும். 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில், இதே கடன்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தவர்கள் சிங்களக் கிராமத்துப் பெண்கள். பாய் விரித்த முற்றங்களும் துடைத்து வைத்த ஒற்றைக் கதிரையும் அங்கேயும் இருந்திருக்கும். சம்பளச் சீட்டு உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு இந்த நாட்டில் வேறு பல பிரிவுகளுக்குக் குறுக்கே ஓடுகிறது.

அந்த வெளிக்கள உத்தியோகத்தரைப் பற்றி ஒன்று. அவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், உயர்தரம் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர். சென்டரில் நிலுவை விழுந்தால் அவருடைய மாத ஊக்கத்தொகை போய்விடும். வேப்பமரத்துக்குக் கீழே அவர் பேசாமல் இருந்த அந்த முக்கால் மணித்தியாலத்தில், அவருடைய கையில் இருந்த கைத்தொலைபேசி ஐந்து தரமாவது அதிர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் காதில் வைத்து, “வந்திரும் சேர், வந்திரும்” என்று மட்டும் சொன்னார். இந்தச் சேவையைப் பற்றிய என் குறைகளில் அவர் இல்லை.

ஆகவே, அரச வேலையில் இருப்பவர்கள் இடர்கடனை எடுக்கலாம், தாமதத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக் கடனை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கையெழுத்திடும் முன்னர் மூன்று கேள்விகளையாவது கேளுங்கள்: கைக்கு வரும் காசு எவ்வளவு, 52 கிழமைக்கும் சேர்த்துக் கட்டுவது எவ்வளவு, இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் மீதி வட்டி குறையுமா. கடைசிக் கேள்விக்கு அக்காவின் நிறுவனம் சொன்ன பதில், குறையாது என்பது. கழுத்திலோ காதிலோ ஏதாவது இருந்தால், வங்கியில் தங்கத்தை ஈடு வைப்பது இதைவிட மலிவு. ஒன்றும் இல்லாதவர்களுக்கு, அக்காவின் அயலில் எட்டுப் பெண்கள் இப்போது தொடங்கியிருக்கும் சீட்டு ஒரு வழி. தொகை சின்னது, முறை வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும், ஆனால் பாயில் எல்லோரும்தான் இருக்கிறார்கள்.

2025 ஜூன் 10ஆம் திகதி அக்கா 52ஆவது தவணையைக் கட்டினார். அன்றைக்கே, ஒழுங்காகக் கட்டியதால் 80,000 ரூபாய் தர முடியும் என்று உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்த அக்கா, அன்று பின்னேரமே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீரை வைத்துவிட்டு, “தங்கச்சி, நீ எடுத்த அந்த இடர்கடன் போம் எனக்கும் ஒண்டு எடுத்துத் தாவன்” என்றார். என் படிவத்தின் பிரதி அலுமாரியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆறுதலாக வாசித்தார். பெயர், முகவரி, பதவி, நியமனத் திகதி, சம்பள இலக்கம். பதவி என்ற இடத்தில் விரலை வைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.